கந்தளாய் மாணவனின் சோதனைக் குழாய்

“சேர், வெறும் தண்ணியும் வெளுக்குது.”

விஞ்ஞானகூடத்தின் தெற்குச் சன்னலோரம் நின்று, இரண்டு சோதனைக் குழாய்களை வெளிச்சத்துக்கு எதிரே உயர்த்திப் பிடித்தபடி அந்த மாணவன் சொன்னான். குழாய்களுக்கு அப்பால் துறைமுகத்தின் நீலம் ஒரு துண்டு தெரிந்தது. இரண்டு குழாய்களிலும், பால் திரைந்தது போன்ற ஒரு வெண்மை மெல்ல அடியில் இறங்கிக்கொண்டிருந்தது.

நான் அதைப் பார்த்தேன். பார்த்தேன் என்பதை இவ்விடத்திலேயே எழுதி வைத்துவிடுகிறேன். பின்னர் பேனா தயங்கக்கூடும்.

இத்தொடரில் இதுவரை நான் எழுதியவை பெரும்பாலும் எனக்கும் என் கல்லூரிக்கும் பெருமை தருபவை. சென்ற வாரம் பரிசளிப்பு விழாக்களைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த பத்திராதிபர் ஒரு கடிதம் அனுப்பினார். பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானம் பயில விரும்பும் மாணவர்களுக்கும், விஞ்ஞான ஆசிரியராக வர எண்ணுவோருக்கும் ‘தங்களைப் போன்ற ஒருவர்’ அறிவுரை கூறினால் நன்றாயிருக்கும் என்பது அவருடைய வேண்டுகோள்.

மூன்று நாட்கள் இருந்து அறிவுரைகளை எழுதினேன். நேரந் தவறாமை, கணிதப் பயிற்சி, ஆங்கில நூல்களை அகராதியுடன் படித்தல். எழுதி முடித்து வாசித்துப் பார்த்தபோது அவற்றில் ஒன்றுகூட என்னுடையதாகத் தோன்றவில்லை. தாள்களைக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

பி.எஸ்ஸி. மாஸ்டர்

திருகோணமலைப் பட்டினத்திலேயே பிறந்து, கொழும்பில் பட்டம் பெற்று, பட்டினத்துக்கே திரும்பிவந்து இரசாயனம் கற்பித்தவன் நான். எங்கள் தெருவில் பட்டதாரிகள் அரிது. கடைத்தெருவில் நான் நடந்தால், “பி.எஸ்ஸி. மாஸ்டர் போறார்” என்பார்கள். வெயில் எவ்வளவு கொளுத்தினாலும் கோட்டைக் கழற்றமாட்டேன். மாணவர்களை ‘நீர்’ என்றே அழைப்பேன். ‘நீ’ என்று யாரையும் அழைத்ததில்லை. இவை யாவும் அக்காலத்தில் மதிப்பின் அடையாளங்கள்.

செய்முறைப் பாடத்தில் எனக்கொரு ஒழுங்கு இருந்தது. இருபது போத்தல்களில் இருபது வகை உப்புகள். போத்தல்களில் இலக்கம் மட்டும் இருக்கும். மாணவன் ஒரு சிட்டிகை உப்பைப் பெற்று, கரைத்து, ஒவ்வொரு சோதனையாகச் செய்து, அது என்ன உப்பு என்று கண்டுபிடிக்க வேண்டும். செய்முறைக் கொப்பியில் வெட்டோ திருத்தமோ இருத்தலாகாது. விடை சரியென்றால் பத்துக்குப் பத்து.

இந்த ஒழுங்கில் ஒரு பெரும் ஓட்டை இருந்தது. ஆண்டுதோறும் அதே போத்தல்கள், அதே இலக்கங்கள். ஏழாம் இலக்கம் மகனீசியம் சல்பேற்று என்பது, புதிதாகச் சேர்ந்தவனுக்கும் இரண்டாம் வாரத்தில் மூத்த மாணவர் மூலம் தெரிந்துவிடும். விடையை முதலில் எழுதி, சோதனைகளைப் பிறகு அதற்கேற்ப எழுதுவார்கள். கொப்பிகள் மணியாய் இருக்கும். மேற்பார்வைக்கு வந்த அதிகாரிகள் அக்கொப்பிகளைப் புரட்டிப் பார்த்து என்னைப் பாராட்டினார்கள்.

எனக்கு இது தெரியாதா? தெரியும். நானும் அவ்வாறே தேறியவன்.

கொழும்பில் இரண்டாம் ஆண்டு படிக்கையில், துளித்துளியாகத் திரவத்தை இறக்கி அளக்கும் ஒரு செய்முறை வந்தது. விரிவுரையாளர் எதிர்பார்க்கும் விடை விடுதி முழுவதும் பரவியிருந்தது. நான் அந்த விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் பார்த்து, அளவியில் எந்தக் கோட்டில் திரவம் நின்றிருக்க வேண்டுமோ அந்த எண்ணை எழுதினேன். “துல்லியமான கை” என்று விரிவுரையாளர் மெச்சினார். என் பக்கத்து மேசைக்காரன் தனக்குக் கிடைத்த எண்ணையே எழுதினான். அவன் சனிக்கிழமை வந்து முழுவதையும் திரும்பச் செய்யும்படி ஆயிற்று. அந்தச் சனிக்கிழமை நான் படம் பார்க்கப் போனேன்.

அந்தத் துல்லியமான கையோடுதான் நான் ஆசிரியனானேன்.

துறைமுகத்திலிருந்து வந்த தண்ணீர்

இரசாயனச் சோதனைகளுக்குக் கிணற்றுத் தண்ணீர் உதவாது. அதில் ஏற்கனவே உப்புகள் கரைந்திருக்கும். காய்ச்சி ஆவியாக்கி, அந்த ஆவியைக் குளிரவைத்துப் பிடித்த தண்ணீர் வேண்டும். வடித்த தண்ணீர் என்போம்.

வெள்ளைக்காரக் கடற்படை துறைமுகத்தில் இருந்த காலத்தில் எங்களுக்கு அதில் குறையிருக்கவில்லை. பற்றரிகளுக்கு ஊற்றுவதற்காக அங்கே தினமும் வடிப்பார்கள். அங்கு வேலைபார்த்த எங்கள் பழைய மாணவர் ஒருவர், வாரத்துக்கு ஒரு பெரிய கண்ணாடிச் சாடி நிறையச் சைக்கிளில் கட்டிக் கொண்டுவந்து தருவார். சாடிக்கு வைக்கோல் சுற்றியிருக்கும். அவர் கேற்றடியில் மணியடித்தால் விஞ்ஞானகூடத்துக்குத் திருவிழா வந்த மாதிரி.

கடற்படை கப்பலேறியது. பழைய மாணவரும் வேறு வேலை தேடிக் கொழும்புக்குப் போனார். பிறகு செம்பினாலான ஒரு சிறு வடிபாத்திரத்தை வாங்கினோம். அதை இயக்கியவர் அந்தோனி. கல்லூரியின் விஞ்ஞானகூட உதவியாளர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், ஞாயிறு பூசை தவறாதவர்.

ஒரு நாள் அந்தோனி வந்து சொன்னார்: “சேர், வடிக்கிற பாத்திரம் அடியில ஓட்டை. ஈயம் வைக்கவேணும். தண்ணி முடியப்போகுது.”

நான் பரிசளிப்பு விழா உரையைத் திருத்திக்கொண்டிருந்தேன். “இப்ப ஏலாது அந்தோனி. கிணத்துத் தண்ணியைத் துணியால வடிச்சு ஊத்தும். எங்கட கிணறு நல்ல கிணறுதானே” என்றேன்.

“ஓம் சேர்” என்று போனார்.

எங்கள் கிணறு நல்ல கிணறு என்று நான் உண்மையாகவே நம்பினேன். பட்டினத்தில் பிறந்து வளர்ந்த எங்களுக்கு அந்தத் தண்ணீர்தான் தண்ணீர். மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த நிலத்தில் தோண்டிய கிணறு அது. அதில் உப்பு உண்டு என்பதை எங்கள் நாக்கு என்றோ மறந்திருந்தது.

ஏழாம் இலக்கப் போத்தல்

ஹனிபா, பெரிய குளத்துக்குப் பேர்போன கந்தளாயிலிருந்து வந்தவன். நெல் விதைக்கும் குடும்பம். பட்டினத்தில் உறவினர் வீடொன்றில் தங்கிப் படித்தான். வந்து சேர்ந்த நாளில், விஞ்ஞானம் ஏன் படிக்க விரும்புகிறீர் என்று வழக்கம்போல் கேட்டேன். மற்றவர்கள் டாக்டர், இஞ்சினியர் என்றார்கள். அவன், “எங்கட ஊருக்கு ஒரு சயன்ஸ் மாஸ்டர் இல்ல சேர். நான் படிச்சிட்டுப் போய் அங்க படிப்பிக்கணும்” என்றான். வகுப்பு சிரித்தது. நானும் புன்னகைத்ததாக நினைவு.

உறவினர் வீட்டில் தங்கியதால் அவனுக்கு மூத்த மாணவர்களின் பழக்கம் குறைவு. போத்தல் இலக்கங்களின் இரகசியம் அவனுக்கு எட்டவில்லை.

அந்த வியாழக்கிழமைச் சோதனை சாதாரணமானதன்று. பல்கலைக்கழகப் புகுமுகப் பரீட்சைக்கு வகுப்பிலிருந்த பன்னிருவரில் எட்டுப் பேரை மட்டும் விஞ்ஞானத்தில் அனுப்புவது என்று கல்லூரி அதிபர் தீர்மானித்திருந்தார். தேறாதவர்கள் மிகுந்தால் கல்லூரியின் பெயர் கெடும் என்பது அவர் கவலை. எனக்கும் அதே கவலைதான். பட்டியலை நான் கொடுக்க வேண்டும். அனைவருக்கும் ஏழாம் இலக்கம் வழங்கினேன்.

பதினொருவர் முக்கால் மணி நேரத்தில் எழுதி முடித்தார்கள். சல்பேற்று உண்டு, குளோரைட்டு இல்லை. அழகிய கையெழுத்து.

ஹனிபா மட்டும் சன்னலோரம் நின்றான். குளோரைட்டைக் காட்டும் சோதனையில் வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலைச் சில துளிகள் விடவேண்டும். வெண்ணிறமாய்த் திரைந்தால் குளோரைட்டு உண்டு. அவனுக்குத் திரைந்தது. நம்பாமல் மறுபடி செய்திருக்கிறான். பிறகு, உப்பே போடாமல், போத்தலில் இருந்த ‘வடித்த’ தண்ணீரை மட்டும் எடுத்து அதே துளிகளை விட்டிருக்கிறான். அப்போதுதான் அந்த நான்கு சொற்களையும் சொன்னான்.

“நீர் என்ன எழுதியிருக்கிறீர்?” என்று கொப்பியை வாங்கினேன்.

‘குளோரைட்டு உண்டு போல் தெரிகிறது. ஆனால் தண்ணீரிலும் தெரிகிறது. ஆகவே உப்பில் உண்டா என்று சொல்ல இயலாது’ என்று எழுதியிருந்தான். இரண்டு இடத்தில் வெட்டித் திருத்தியிருந்தான்.

“வெள்ளி நைத்திரேற்று என்ன விலை தெரியுமோ? வெறுந் தண்ணிக்கு விட்டு விளையாடவோ தந்தனான்?”

“இல்ல சேர். தண்ணியில சந்தேகம் வந்திச்சு. ஒரு துளி நாக்கில வெச்சுப் பாத்தன். கரிக்குது சேர். எங்கட கந்தளாயில இந்தத் தண்ணிய மாட்டுக்கும் வெக்கமாட்டம்.”

வகுப்பு கொல்லென்று சிரித்தது. பின்வரிசையிலிருந்து ஒருவன், “குளத்துமீன் கதைக்குது டோய்!” என்றான்.

என் கிணறு, என் கல்லூரி, என் போத்தல். அந்தோனி வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவர் பக்கம் திரும்பவில்லை.

பிடித்துக்கொள்ள எனக்கு ஒரு விதி அகப்பட்டது. “விஞ்ஞானகூடத்தில் எதையும் வாயில் வைக்கக் கூடாது என்று முதல் நாளே சொன்னேனா இல்லையா?”

“சொன்னீங்க சேர்.”

“உம்மைச் சுற்றிப் பாரும். பதினொரு பேருக்கு வராத வெள்ளை உமக்கு மட்டும் எப்படி வந்தது? குழாயை ஒழுங்காகக் கழுவத் தெரியாதவர் தண்ணீரிலே குற்றம் கண்டுபிடிக்கிறார்.”

அவன் தன் குழாயைப் பார்த்தான். பிறகு மற்றவர்களின் மேசைகளைப் பார்த்தான். ஒவ்வொரு மேசையிலும் குழாய்கள் நின்றன. ஒவ்வொன்றிலும் அந்த வெண்மை இருந்தது. அவன் அதைக் கண்டானா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நான் கண்டேன்.

கொப்பியில் சிவப்பு மையால் பூச்சியம் இட்டேன்.

மாலையில் செய்த சோதனை

பள்ளி விட்டபின் கதவைச் சாத்திக்கொண்டு நானே செய்து பார்த்தேன். கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டேன். விஞ்ஞானகூடத்தில் நான் கோட்டைக் கழற்றியது அன்று ஒருநாள்தான். போத்தலில் இருந்த தண்ணீர், ஐதான அமிலம் ஒரு துளி, வெள்ளி நைத்திரேற்று மூன்று துளி.

வெளுத்தது.

அந்தோனி உள்ளே வந்தார். குழாயைப் பார்த்தார். “நான் போன மாசமே சொன்னனான், சேர்” என்றார், தாழ்ந்த குரலில். குற்றஞ்சாட்டும் தொனி அதில் இல்லை.

“ஓம்.”

“அந்தப் பெடியனிட்ட ஒரு சொல்லுச் சொன்னால் போதும், சேர். பட்டியல் திங்கட்கிழமைதானே குடுக்கவேணும்.”

“அது என்ர வேலை. நீர் போத்தலைக் கழுவி வையும்.”

அவர் போத்தலை எடுத்துக்கொண்டு போனார். அதன்பின் எங்களிருவருக்குமிடையே வேலைப் பேச்சைத் தவிர வேறு பேச்சு இருக்கவில்லை. மறுநாளே பாத்திரத்துக்கு ஈயம் வைக்கப்பட்டது. ஓட்டையை அடைப்பதற்கு எனக்கு நேரம் இருந்திருக்கிறது என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை ஆசிரியர் அறையில் பூமிசாத்திர மாஸ்டர் கேட்டார்: “என்னப்பா, உங்கட கந்தளாய் விஞ்ஞானி எங்கட கிணத்தையே பிழை பிடிச்சிட்டாராம்?” எல்லாரும் சிரித்தார்கள். அந்தக் கதையை முதலில் அங்கே சொன்னவன் நானே. சோதனை முடிந்த கையோடு, மத்தியானச் சாப்பாட்டின்போது சொல்லியிருந்தேன். இப்போது உண்மை இன்னது என்று சொல்ல வாய் திறந்திருந்தால், அச்சிரிப்பு என் பக்கம் திரும்பியிருக்கும். நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்தேன்.

தயிர்ச்சட்டி

திங்கட்கிழமை காலை ஹனிபாவின் தகப்பனார் வந்தார். முதல் பஸ்ஸில் வந்திருக்க வேண்டும். இடுப்பில் வெள்ளைச் சாரம், தலையில் தொப்பி, கையில் வாழையிலையால் வாய்கட்டிய எருமைத் தயிர்ச்சட்டி. கதிரையைக் காட்டியும் உட்காரவில்லை.

“மாஸ்டர், எண்ட மகன் ஊருக்கு வந்து ரெண்டு நாளாச் சோறு திங்கல்ல. என்ன பிழை செஞ்சானெண்டு கேக்கவும் எனக்குப் படிப்பில்ல. ஒண்டு மட்டும் செல்றன். அவன் கண்டதத்தான் செல்லுவான். காணாததச் செல்லமாட்டான்.”

பட்டியல் என் கோட்டுப் பையில் இருந்தது. அதிபரிடம் இன்னும் கொடுக்கவில்லை. எட்டாவதாக நான் எழுதியிருந்த பெயரை வெட்டி ஹனிபாவின் பெயரை எழுத ஒரு நிமிடம் போதும். காரணம் கேட்பார்கள். காரணத்தைச் சொல்ல வேண்டிவரும்.

“உங்கள் மகன் நல்ல பிள்ளை,” என்றேன். “ஆனால் விஞ்ஞானத்துக்கு வேண்டிய கட்டுப்பாடு அவரிடம் இல்லை. கலைப்பிரிவில் படிக்கட்டும்.”

அந்த மனிதர் என் முகத்தைப் பார்த்தார். “நீங்க செல்றீங்க. நீங்க படிச்சவங்க” என்றார். சட்டியை மேசையில் வைத்துவிட்டு வெளியே போனார்.

ஹனிபா கலைப்பிரிவில் சேரவில்லை. அந்த வாரமே ஊருக்குப் போய்விட்டான். நான் எட்டாவதாக எழுதிய மாணவன் பரீட்சையில் தேறவுமில்லை.

தயிரை வீட்டில் எல்லாரும் சாப்பிட்டோம். கெட்டியான, நல்ல தயிர்.

குளத்துத் தண்ணீர்

பல ஆண்டுகள் கழிந்தன. ஓய்வுபெறுவதற்குச் சற்று முன், கொழும்பிலிருந்து திரும்பும் வழியில் நான் வந்த பஸ் கந்தளாயில் பழுதாகி நின்றது. தேநீர்க் கடை வாங்கில் உட்கார்ந்திருந்தேன். வயலிலிருந்து நேரே வந்தவர்போல் சேறு காய்ந்த கால்களுடன் ஒருவர் எனக்கு முன்னே வந்து நின்று, தோளிலிருந்த துவாயை எடுத்தார்.

“சேர், என்னத் தெரியுமா? ஹனிபா.”

குரலால் அறிந்தேன். கடைக்காரரிடம் சொல்லி ஒரு கிளாஸ் தண்ணீரைத் தானே வாங்கிவந்து தந்தான். “குடிங்க சேர். எங்கட குளத்துத் தண்ணி.” குறும்பாகச் சிரித்தான். குடித்தேன். அதில் கரிப்பு அறவே இல்லை. அறுபதை நெருங்கிய வயதில், எங்கள் கிணறு எப்படிப்பட்டது என்று என் நாக்கு அறிந்துகொண்டது.

தன் வயலைப் பற்றிச் சொன்னான். மூத்த மகள் விஞ்ஞானம் படிக்க ஆசைப்படுகிறாள் என்றான். பிறகு, சுமந்துவந்ததை இறக்கி வைப்பவன்போல் சொன்னான்:

“சேர், அண்டைக்கு நீங்க ஏசினது செரிதான். நான் கனகாலம் யோசிச்சுப் பாத்தன். குழாயச் செரியாக் கழுவல்ல போல. பதினொரு பேருக்கு வராதது எனக்கு மட்டும் வந்தா, பிழை எண்டதுதானே? மகளுக்கும் அதத்தான் செல்லிக் குடுத்திரிக்கன். நீ ஒண்டக் கண்டு மத்தவங்க காணல்லயெண்டா, முதல்ல உண்ட கையச் சந்தேகப்படு எண்டு.”

என் கையில் கிளாஸ் இருந்தது. அந்தக் கடையில் எங்களை அறிந்தவர் எவருமில்லை. ஆசிரியர் அறை இல்லை, அதிபர் இல்லை, சிரிக்க வகுப்பு இல்லை. நான் இழப்பதற்கு அங்கே ஒன்றுமே இருக்கவில்லை.

“இருக்கலாம்” என்றேன்.

பஸ் ஹோர்ன் அடித்தது. அவன் என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ்வரை வந்தான்.

பத்திராதிபருக்கு

அறிவுரை கேட்டிருந்தீர்கள். விஞ்ஞானம் படிக்கப் போகும் பிள்ளைகளே, சோதனையைத் தொடங்குமுன் உங்களுக்குத் தந்த தண்ணீரைச் சோதியுங்கள். தந்தவர் யாராக இருந்தாலும் சோதியுங்கள். கண்டதை எழுதுங்கள். வெட்டித் திருத்த நேர்ந்தால் வெட்டுங்கள். ஆனால் எதையும் வாயில் வைக்காதீர்கள். அந்த விதி நல்ல விதி, நான் அதைக் கையாண்ட விதம்தான் கெட்டது.

ஆசிரியராகப் போகிறவர்களுக்குச் சொல்ல நான் தகுதியுடையவன் அல்லன். ஆண்டுதோறும் போத்தல்களின் இலக்கத்தை மாற்றுங்கள். உதவியாளர் ஒன்று சொன்னால் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேளுங்கள். ஒரு மாணவன் சன்னலோரம் நின்று உங்களை அழைத்தால், அவன் கையில் இருக்கும் குழாயை வாங்கிப் பாருங்கள். கண்டதை எல்லாரும் கேட்கச் சொல்லுங்கள். ஒரு நாள் தவறினால் அடுத்த நாள் சொல்வது அதைவிடக் கடினம். எனக்கு இருபது ஆண்டுகள் சென்றன. இப்போதும் கடிதமாக எழுதும் துணிவு வரவில்லை. அச்சில் வந்துவிட்டால் திரும்பப் பெற முடியாது என்பதற்காகவே இங்கே எழுதுகிறேன்.

இந்த இதழ் கந்தளாய்க்கும் போகிறது என்று அறிகிறேன்.

ஹனிபா அவர்களே, உங்கள் மகளுக்குச் சொல்லிக் கொடுத்ததைத் தயவுசெய்து மாற்றிச் சொல்லுங்கள். அன்று பன்னிரண்டு மேசைகளிலும் அந்த வெள்ளை இருந்தது. பதினொருவர் அதை எழுதவில்லை. போத்தலில் இருந்தது கிணற்றுத் தண்ணீர். ஊற்றச் சொன்னவன் நான்.

உங்கள் குழாய் சுத்தமாகவே இருந்தது.